என் வீட்டுக்காரர் பிடித்த புளியங்கொம்பு

எங்கள் தெருமுனையில் இஸ்திரி போடுகிற அம்மாதான் அந்த வார்த்தையை முதன்முதலில் என் முகத்துக்கு நேராகச் சொன்னவர். புடவையை மடித்து என் கையில் கொடுத்துக்கொண்டே, "உனுக்கு இன்னாம்மா கொறச்சல்? ஊட்டுக்காரரு புளியங்கொம்பால்ல புட்ச்சிக்கினு கீறாரு!" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அந்த வார்த்தையைச் சொல்லி யாரும் யாரையும் வாழ்த்துவதில்லை. அதில் பாதி பொறாமை, கால்வாசி கிண்டல், மிச்சம் இருப்பது ஒரு விண்ணப்பம். எனக்கும் கொஞ்சம் எட்டிப் பறித்துக் கொடேன் என்பதுதான் அந்த விண்ணப்பம். நான் பல்லைக் காட்டிவிட்டு வந்துவிட்டேன்.

இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ள அகராதியைப் புரட்ட வேண்டாம். சிட்லபாக்கத்தில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் ஒரு முருங்கை நிற்கிறது. கிளை என்னவோ தொடை தடிமனில் இருக்கும். நம்பி ஒரு கை வைத்தால் மடார் என்று முறியும். கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரரே காய் பறிக்கப் போய் விழுந்து, ஒரு மாதம் கையில் கட்டோடு திரிந்தார். புளி அப்படியில்லை. மணிக்கட்டு அளவு கொம்பு ஒரு முழு ஆளைத் தாங்கும். வளையும், ஆடும், மேலே இருப்பவருக்கு வயிற்றைக் கலக்கும். ஆனால் லேசில் முறியாது. புளி உலுக்க ஏறுகிறவர்கள் நுனிவரை போவது அந்தத் தைரியத்தில்தான். பற்றினால் கைவிடாத இடத்தைப் பற்றிக்கொண்டவனுக்கு அந்தக் கொம்பின் பெயர் வந்ததில் ஆச்சரியம் இல்லை.

முதலில் இதைக் கல்யாணத்துக்குத்தான் சொல்லியிருப்பார்கள் என்பது என் ஊகம். வசதியான வீட்டில் பெண் எடுத்தவனை இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறார்கள். அப்புறம் அதிகாரி, மந்திரி, முதலாளி என்று யார் பக்கத்தில் போய் ஒதுங்கினாலும் அதே பெயர். ஒன்று மட்டும் கவனித்திருக்கிறேன். தன்னைப் பற்றி யாரும் இப்படிச் சொல்லிக்கொள்வதில்லை. தனக்கு என்று வரும்போது, "தெரிஞ்சவர் ஒருத்தர் இருக்கார்" என்று அடக்கமாக முடித்துக்கொள்வார்கள்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் குரோம்பேட்டையில் ஒரு கம்பெனியில் இருபத்தாறு வருஷம் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவள். பெரிய மனிதர்களுக்கு வரும் அழைப்பெல்லாம் என் காது வழியாகத்தான் போகும். சிபாரிசு கேட்க வருகிற குரலை முதல் ஹலோவிலேயே கண்டுபிடித்துவிடுவேன். "சார் இருக்காரா?" என்பதில் அந்த 'சார்' மட்டும் ரப்பர் மாதிரி இழுபடும். வேலை முடிந்த பிறகு அதே ஆள் கூப்பிட்டால் 'சார்' சின்னதாகிவிடும். அந்த இருபத்தாறு வருஷத்தில் எனக்கு மனிதர்கள்மேல் மரியாதை குறைந்ததோ என்னவோ, காது நன்றாகத் தேறிவிட்டது.

சரி, என் வீட்டுக்காரர் பிடித்த கொம்புக்கு வருகிறேன். அவருக்கு ஒரே ஒரு நண்பர். கல்யாணத்துக்கு முன்னால் மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஒற்றை அறையில் இருவரும் நாலு வருஷம் சேர்ந்து இருந்தார்கள். இவர் கிண்டியில் ஒரு கம்பெனி ஸ்டோர்ஸில் குமாஸ்தா. அவர் காலையில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துவிட்டு மிச்ச நேரமெல்லாம் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார். ஒரு ஸ்டவ், ஒரு வாளி, மழைக்காலத்தில் இரண்டு பேருக்கும் ஒரே குடை. இவர் சமைப்பார், அவர் பாத்திரம் கழுவுவார். பிறகு அவர் பரீட்சையில் தேறிப் போனார், படிப்படியாக ஏறினார், இன்றைக்கு நிஜமாகவே பெரிய அதிகாரி. எந்தத் துறை, என்ன பதவி என்று எழுதமாட்டேன். இவர் ஸ்டோர்ஸ் குமாஸ்தாவாகவே ரிட்டையர் ஆனார்.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை காலையில், அந்த நண்பர் எங்கள் தெருவுக்கு வருவார். காரை முனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்து, "டேய், கிளம்பிட்டியா?" என்று வாசலில் நின்று கத்துவார். இருவரும் ஏரிக்கரையில் ஒரு சுற்று நடப்பார்கள். கடையில் நின்று டீ குடிப்பார்கள். அவர் போய்விடுவார். உள்ளே வந்து உட்கார்ந்து டிபன் சாப்பிட்டது கிடையாது.

"அப்படி என்னதான் பேசுவீங்க?" என்று கேட்டேன் ஒருநாள்.

"ஒண்ணும் இல்ல. அவன் முட்டி வலியைச் சொல்வான், நான் என் சர்க்கரையைச் சொல்வேன். அப்புறம் சும்மா நடப்போம்."

சும்மா நடப்பதற்கு ஒருவர் கார் ஏறி இவ்வளவு தூரம் வருவாரா என்று தெரு நம்பவில்லை. அரசாங்க எழுத்து போட்ட காரைத் தெருமுனையில் பார்த்த அன்றைக்கே எங்கள் தலையெழுத்து மாறிவிட்டது. ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் கவரோடு வர ஆரம்பித்தார்கள். ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க வேண்டும், கரண்ட் மீட்டர் இறந்துபோனவர் பெயரிலேயே இருக்கிறது, பட்டா கிடைக்கவில்லை என்று ஒவ்வொன்றாக வரும். இவர் ஒருவருக்கும் இல்லை என்று சொன்னதில்லை. கவரை வாங்கி, காகிதத்தை ஒவ்வொன்றாகப் புரட்டி, "பாக்கறேன், விட்டுட்டுப் போங்க" என்பார். பத்து நாளோ ஒரு மாதமோ கழித்து வேலை முடிந்திருக்கும். தெருவில் பெயர் ஓங்கிக்கொண்டே போனது.

எனக்கும் அதில் கொஞ்சம் பெருமை. பொய் சொல்வானேன், காய்கறி வண்டிக்காரர்கூட எனக்கு மட்டும் கொத்தமல்லி கூடுதலாகப் போட்டார்.

இஸ்திரிக்கார அம்மாவின் கணவர் இறந்து, உதவித்தொகைக்கு மனுப் போட்டு எட்டு மாதம் இழுத்துக்கொண்டிருந்த நேரம். அவரும் கவரோடு வந்தார். இவரும் வாங்கி வைத்துக்கொண்டார். அடுத்த வாரம், "ஃபிரெண்டைப் பாத்துட்டு வந்துடறேன்" என்று சொல்லி, நான் கட்டிக்கொடுத்த எலுமிச்சை சாதத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நானும் அன்றைக்கு மூக்குக்கண்ணாடிக்கு ஃப்ரேம் மாற்றத் தாம்பரம் போயிருந்தேன். வரும் வழியில் தாலுகா ஆபீஸைக் கடக்கும்போது பார்க்கிறேன், படிக்கட்டு ஓரத்தில் நாற்பது ஐம்பது பேருக்கு நடுவில் உட்கார்ந்து என் டப்பாவில் சாப்பிட்டுக்கொண்டிருப்பது என் வீட்டுக்காரர்!

நேராகப் போய் எதிரில் நின்றேன். "என்னங்க இது? ஃபிரெண்டைப் பாக்கப் போறேன்னு சொன்னீங்க?"

வாயிலிருந்ததை விழுங்கிவிட்டு, "மெதுவாப் பேசு. டோக்கன் கூப்பிடுவாங்க" என்றார்.

டோக்கன்! எனக்கு வந்த கோபத்துக்கு அந்த டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு போயிருப்பேன். பக்கத்திலிருந்த ஒரு பெண் நகர்ந்து இடம் கொடுத்ததால் வேறு வழியில்லாமல் உட்கார்ந்தேன்.

"இதுக்கு எதுக்கு அவன்?" என்று மெல்லச் சொன்னார். "ஆதார்ல ஒரு விலாசம், ரேஷன் கார்டுல ஒரு விலாசம். அதனால நிக்குது. யாரும் அந்தம்மாவுக்கு எடுத்துச் சொல்லல. இன்னும் ரெண்டு தடவை வந்தா முடிஞ்சிடும்."

"அப்போ எதுக்கு அவர் பேரைச் சொல்றீங்க?"

"நான் எங்க சொன்னேன்? பாக்கறேன்னு சொன்னேன். அவங்களா நெனச்சிக்கிட்டாங்க." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார், "நான் போய் வரிசையில நிக்கறேன்னு சொன்னா அந்தம்மா கவரைக் குடுக்குமா? ஐயோ சார், உங்களுக்கு எதுக்குச் சிரமம்னு திருப்பி வாங்கிட்டுப் போயிடும். பெரிய இடத்துல சொல்லி வெச்சிருக்குன்னு நெனச்சா நிம்மதியாவது இருக்கும்ல."

திரும்பி வரும் பஸ்ஸில் ஒவ்வொன்றாகக் கேட்டேன். ராஜகீழ்ப்பாக்கம் பென்ஷன்காரரின் மீட்டர்? அதுவும் இவரே நின்றதுதான். எதிர்வீட்டு மருமகளின் ரேஷன் கார்டு? அதுவும்தான். ஊரப்பாக்கத்தில் இருக்கும் என் நாத்தனாரின் பட்டா?

"அதுக்கு ஏழு தடவை அலைஞ்சேன்" என்றார், ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்கிற முகத்தோடு.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கண்டக்டர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தேன். சொந்தத் தங்கையிடம்கூட, மேலிடத்தில் சொல்லி முடித்ததாக நம்பவைத்துவிட்டு ஏழு தடவை வெயிலில் நின்ற மனிதரை என்ன செய்வது? சட்டைக் காலர் வியர்வையில் ஈரமாக ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் அப்படி ஒரு பாசம் பொங்கியது. அதை அவரிடம் சொல்லவில்லை. "தொப்பி போட்டுக்கிட்டாவது போய்த் தொலைங்க" என்றேன். அன்றிலிருந்து இந்த ரகசியத்தில் நானும் பங்காளி ஆனேன்.

வரிசையில் நின்று முடிக்க முடியாத வேலை ஒன்று எங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தது. எங்களுக்கு ஒரே மகள். அரசு மருத்துவமனையில் லேப் டெக்னீஷியன். வேலை கிடைத்த இடம் மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஊர், இங்கிருந்து ஏழு மணி நேரம் பஸ்ஸில் போக வேண்டும். மாப்பிள்ளைக்குப் பெருங்குடியில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. குழந்தை பிறந்தபோதும் அவள் அங்கே, அவர் இங்கே. நான் மாதத்தில் பதினைந்து நாள் அங்கே போய்க் குழந்தையைப் பார்த்துக்கொள்வேன். மிச்ச நாட்களுக்குப் பக்கத்து வீட்டு அம்மாளின் தயவு.

மாறுதலுக்கு வருஷா வருஷம் கலந்தாய்வு நடக்கும். மூன்று வருஷமும் என் வீட்டுக்காரர்தான் படிவத்தைப் பூர்த்தி செய்தார். ஒரு அடித்தல் திருத்தல் இருக்காது, இணைப்புகளுக்கு வரிசை எண் போட்டு, குண்டூசி குத்திக் கொடுப்பார். மூன்று வருஷமும் இடம் காலி இல்லை என்றே பதில் வந்தது.

"உங்க ஃபிரெண்டுகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றேன்.

"மாட்டேன்."

"ஏன்? செய்யமாட்டாரா?"

"கேட்டா செய்வான். அதனாலதான் கேக்க மாட்டேன்."

இது என்ன நியாயம், சொல்லுங்கள்! செய்யாதவரிடம் கேட்காமலிருப்பது ரோஷம். செய்யக் கூடியவரிடம் கேட்காமலிருப்பதற்கு என்ன பெயர்? நான் சும்மா விடவில்லை. ஊருக்கெல்லாம் உபகாரம், பெற்ற பெண்ணுக்கு மட்டும் பட்டை நாமமா என்று கத்தினேன். அவர் நிதானமாக, "வரிசை நகரும். இந்தத் தடவை இல்லன்னா அடுத்த தடவை" என்றார்.

"வரிசை நகர்றதுக்குள்ள குழந்தை காலேஜுக்குப் போயிடும்!"

"நமக்கு முன்னாடி நிக்கறவங்களுக்கும் குழந்தை இருக்கும்ல" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். மகளிடம் சொன்னேன். அவளும், "அப்பாவை நச்சரிக்காதம்மா. அவருக்கு இருக்கறது அந்த ஒரு ஃபிரெண்டுதானே" என்றாள். இரண்டும் ஒரே அச்சு.

அந்தக் கோடையில், நான் அங்கே இல்லாத பதினைந்து நாளில், குழந்தைக்கு ஜுரம் வந்து வலிப்பு வந்துவிட்டது. ஒன்றே முக்கால் வயது. பக்கத்து வீட்டு அம்மாள் மகளுக்கு போன் அடித்திருக்கிறார். அவள் போன் லேப் டிராயருக்குள் சைலன்ட்டில் கிடந்திருக்கிறது. அவர் தாமதிக்காமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ பிடித்து மகளின் ஆஸ்பத்திரிக்கே ஓடியிருக்கிறார். டாக்டர் பார்த்து, ரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்பியிருக்கிறார். டிரேயில் வரிசையாக இருந்த டியூப்களை ஒவ்வொன்றாக எடுத்த என் மகள், ஒன்றின்மேல் ஒட்டியிருந்த சீட்டில் தன் குழந்தையின் பெயரைப் படித்திருக்கிறாள்.

குழந்தைக்கு அன்றைக்கே சரியாகிவிட்டது. மகள் போனில் அழாமல்தான் சொன்னாள். "முதல்ல அதே பேருல வேற யாரோன்னு நெனச்சேம்மா. அப்புறம் வயசைப் பாத்தேன்" என்றாள். அன்றைக்கு முடிவு செய்தேன். இந்த மனிதர் கேட்காவிட்டால் போகட்டும், நான் கேட்கிறேன்.

நண்பரின் ஆபீஸ் எண்ணைத் தேடி எடுத்தேன். உதவியாளர் எடுத்து, "என்ன விஷயமா?" என்றார். இருபத்தாறு வருஷத்துக் குரலை வரவழைத்துக்கொண்டு, "பர்சனல். லைன் குடுங்க" என்றேன். மறுவார்த்தை பேசாமல் கொடுத்துவிட்டார். வியாழக்கிழமை வரச் சொன்னார் நண்பர். வியாழக்கிழமை என் வீட்டுக்காரர் ஊரப்பாக்கத்தில் யாருக்கோ பிறப்புச் சான்றிதழ் வாங்கப் போயிருந்தார். மயிலாப்பூர் கோயிலுக்குப் போவதாக அவரிடம் முதல் நாளே சொல்லிவைத்திருந்தேன். அவருக்குத் தெரியாமல் நான் ஒரு இடத்துக்குப் போனது அதுதான் முதல் தடவை. சானடோரியம் ஸ்டேஷனில் பீச் ரயில் ஏறும்போது தெரிந்தவர் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

வெளியே இருபது முப்பது பேர் காத்திருந்தார்கள். என்னை உடனே கூப்பிட்டார்கள். நண்பர் கதவுவரை எழுந்து வந்தார். "வாங்க தங்கச்சி, வாங்க" என்று நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார். டீ கொண்டுவந்தவரிடம், "எனக்குச் சோறு பொங்கிப் போட்டவனோட சம்சாரம்யா இவங்க" என்றார். மேஜை நிறைய கோப்புகள் இருந்தன. அவற்றைச் சுட்டிக்காட்டிச் சிரித்தார்.

"இதெல்லாம் பாருங்க. காலையில எழுந்தா கோயில்ல, கல்யாணத்துல, வாக்கிங் போற இடத்துல, எங்க பாத்தாலும் ஒரு காகிதம் நீட்டுவாங்க. அக்கா பசங்ககூட அப்படித்தான். இத்தனை வருஷத்துல காகிதம் நீட்டாத ஒரே ஆள் உங்க வீட்டுக்காரன். அவன்கூட ஏரிக்கரையில நடக்கறப்போதான் தங்கச்சி, நான் பழைய ஆளா இருக்கேன்."

என் மடியில் பிளாஸ்டிக் கவர் இருந்தது.

அந்த நிமிஷத்தில் எழுந்து வந்திருக்கலாம். சும்மா பார்த்துவிட்டுப் போக வந்தேன் என்று சொல்லியிருந்தால் அவர் சந்தோஷப்பட்டிருப்பார். எனக்குப் புரியாமல் இல்லை. நான் என்ன தத்தியா? ஆனால் டியூப்பில் ஒட்டிய சீட்டுதான் கண்முன் நின்றது. கவரைத் திறந்து காகிதத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

அவர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். முதல் பக்கம், இரண்டாம் பக்கம், இணைப்புகள் எல்லாவற்றையும் படித்தார். காகிதம் முழுக்க என் வீட்டுக்காரரின் கையெழுத்துத்தான், அவர் பூர்த்தி செய்த படிவத்தின் நகல் அது. அந்தக் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு அதன் ஓரத்தில் ஏதோ எழுதி, மற்ற கோப்புகளின் மேல் வைத்தார்.

"சரிம்மா. என்ன செய்யலாம்னு பாக்கறேன்" என்றார்.

அந்தக் குரல் எனக்குத் தெரியும். வெளியே காத்திருந்தவர்களுக்கெல்லாம் அவர் வைத்திருக்கும் குரல் அது. மரியாதையில் ஒரு குறையும் இல்லை. கதவுவரை உதவியாளர் வந்து வழியனுப்பினார்.

ஒன்றரை மாதத்தில் மாறுதல் உத்தரவு வந்தது. செங்கல்பட்டுப் பக்கம், ரயிலில் போய்வரக்கூடிய இடம். மகள் போனில் கத்திய கத்தலில் என் வீட்டுக்காரர் கையிலிருந்த டம்ளரைக் கீழே போட்டுவிட்டார். அப்புறம் என்னைப் பார்த்து முகமெல்லாம் சிரிப்பாக, "வரிசை நகரும்னு சொன்னேனா இல்லையா?" என்றார்.

நான் என்னத்தைச் சொல்ல! அவர் பூர்த்தி செய்த படிவத்துக்குக் கிடைத்த வெற்றி என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு மைசூர்பாகு கொடுத்தார். தெரு நம்பவில்லை. இஸ்திரிக்கார அம்மா என்னைப் பார்த்துக் கண்ணடித்து, "எனுக்குத் தெரியாதா இன்னா?" என்றார். எங்களுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்த யாரோ ஒருவருக்குப் போயிருக்க வேண்டிய இடம் அது என்ற நினைப்பும் வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய். குழந்தை என் இடுப்பில் ஏறி உட்கார்ந்ததும் அந்த நினைப்பை ஓரமாகத் தள்ளிவிட்டேன்.

வீடு நிரம்பியது. மகள் காலையில் செங்கல்பட்டு ரயில் பிடித்துப் போய் சாயங்காலம் வந்துவிடுவாள். மாப்பிள்ளை ஆபீஸ் முடிந்து நேராக இங்கே வந்து குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் நடப்பார். என் வீட்டுக்காரர் தாத்தா உத்தியோகத்தில் மும்முரமாகிவிட்டார்.

நண்பர் வழக்கமாக வரவேண்டிய ஞாயிற்றுக்கிழமை வந்தது. இவர் குளித்து, ஷூ போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். ஒன்பது மணிக்கு ஷூவைக் கழற்றினார். "மீட்டிங் ஏதாவது இருக்கும்" என்றார். அடுத்த ஞாயிறும் அப்படியே. போன் செய்தார். "வேலை ஜாஸ்திடா, அப்புறம் பேசறேன்" என்று பதில் வந்ததாம். அதற்கு அடுத்த ஞாயிறும் ஷூ போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நான் உள்ளே தோசைக்கல் முன்னால் நின்றுகொண்டு, வாசல் கேட் சத்தம் கேட்காதா என்று கடவுளை வேண்டிக்கொண்டிருந்தேன். இப்படி நாலு மாதம் போயிற்று.

ஒருநாள் காலை குழந்தைக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தவர், "நாளைக்கு அவனைப் போய்ப் பாத்துட்டு வந்துடறேன். உடம்புக்கு ஏதோ ஆயிருக்கு, என்கிட்ட மறைக்கறான்" என்றார். உண்மையிலேயே பயந்திருந்தார். நாளைக்குக் கிளம்பி, அந்த மேஜைக்கு முன்னால் போய் நின்று, உனக்கு என்னடா உடம்புக்கு என்று கேட்பார். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மயிலாப்பூர் பொய், காகிதம், கண்ணாடி, 'சரிம்மா' எல்லாம்.

அவர் இட்லியை ஊட்டி முடித்தார். குழந்தையின் வாயைத் துடைத்து இறக்கிவிட்டார். நான் திட்டுக்காகக் காத்திருந்தேன். திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன், எனக்கு அது பழக்கம்.

"நான்தான் உன்னை அனுப்பினேன்னு நெனச்சிருப்பான்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் கையெழுத்தை அவர் அவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தது ஏன் என்று அப்போதுதான் உறைத்தது. நேரில் கேட்க முகமில்லாமல் பெண்டாட்டி கையில் காகிதத்தைக் கொடுத்து அனுப்பியவன் என்றுதான் இத்தனை மாதமாக அவர் என் வீட்டுக்காரரை நினைத்துக்கொண்டிருக்கிறார்.

"நான் இப்பவே போறேங்க. போய்ச் சொல்லிடறேன், நானாத்தான் வந்தேன்னு" என்று அழ ஆரம்பித்துவிட்டேன்.

"வேணாம்."

"ஏன்?"

"புருஷனுக்குத் தெரியாம வந்து நின்னவள்னு உனக்கு ஒரு பேரு எதுக்கு? நான் அனுப்பினதாவே இருந்துட்டுப் போகட்டும்." என் தலையில் கை வைத்தார். "பொண்ணு டியூப்ல பேரைப் பாத்தாள்னு நீ சொன்ன அன்னிக்கே நான் போயிருக்கணும். நானே கேட்டிருந்தா நாலு திட்டு திட்டிட்டுச் செஞ்சிருப்பான். அடுத்த ஞாயித்துக்கிழமை வந்தும் இருப்பான். தப்பு என்மேலதான்."

ஐயோ, அதற்கு அவர் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

மகளுக்கு இது எதுவும் தெரியாது. அப்பாவின் படிவம் ஜெயித்தது என்றுதான் அவள் தன் லேபில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள். அவரும் அதைத் திருத்தவில்லை. கவரோடு வருகிறவர்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். இவரும் "பாக்கறேன்" என்று வாங்கி வைத்துக்கொண்டு தாம்பரத்துக்குப் பஸ் ஏறுகிறார்.

போய்ச் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிவிட்டார். எழுதக் கூடாது என்று வாங்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். பெயர் ஒன்றும் போடவில்லை. மேற்குத் தாம்பரத்து ஒற்றை அறையையும் ஒற்றைக் குடையையும் படித்தால், படிக்க வேண்டியவருக்குத் தெரிந்துவிடும்.

அண்ணா, உங்கள் நண்பர் என்னை அனுப்பவில்லை. நான் வந்தது அவருக்குத் தெரியாது.